கப்பலிலேயே அடுத்த கப்பலுக்கு

இந்தப் புத்தகம் உங்களுதா சார்? கப்பல் படம் போட்டது. கீழ கிடந்துச்சு, யாராச்சும் மிதிச்சுடப் போறாங்கன்னு எடுத்து வச்சேன். இந்தாங்க. நீங்களும் போறீங்களா? எப்ப? மார்ச்சுலயா. வீட்டம்மாவோட? நல்லது, நல்லது. பாவம், தூங்கட்டும் அவங்க. எழுப்பிடாதீங்க.

நான் இன்னிக்கே போறேன் சார். இதே கப்பல்தான். மேல பாருங்க, நீலப் பெட்டி, அது என்னுது. அஞ்சு நாளைக்குத் துணி, மாத்திரை எல்லாம் அதுலதான். இல்லல்ல, தனியா இல்ல. நம்ம வீட்டம்மாவும் இந்த வண்டியிலதான் வர்றா. ஏழாவது பெட்டி. நான் இங்க ரெண்டாவது பெட்டி. சேர்ந்து சீட்டு கிடைக்கல.

சிரிக்கிறீங்க. நான் யாருன்னு தெரிஞ்சா இன்னும் சிரிப்பீங்க. திருச்சி ஜங்ஷன்ல ரிசர்வேஷன் கவுண்டர்ல முப்பத்தி நாலு வருஷம் உக்காந்தவன் நான். வைத்தியநாதன்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும். கல்யாண கோஷ்டி நாப்பது பேர் வந்தாக்கூட ஒரே பெட்டியில தள்ளிவிட்டு அனுப்புவேன். எனக்கு இன்னிக்கு இந்த கதி. சரி, விடுங்க.

என்ன கேட்டீங்க? கப்பல்ல இருக்கும்போதே அடுத்த பயணத்துக்குப் பதிவு பண்ணிட்டா லாபம்னு இதுல போட்டிருக்காங்களே, நிஜமான்னா?

கேட்டீங்களே ஒரு கேள்வி. வேற யார்கிட்டயாச்சும் கேட்டிருக்கக் கூடாதா சார் நீங்க. அரியலூர் இப்பதான் தாண்டியிருக்கு, எழும்பூர் போக இன்னும் நேரம் கிடக்கு. சொல்றேன், கேளுங்க. எனக்கும் பேசாம வந்தா தலை வலிக்குது.

போன வருஷம் எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பது வருஷம். எங்க பொண்ணு மதிவதனி ஓசூர்ல இருக்கா, அவதான் கப்பலுக்குப் பணம் கட்டி அனுப்பி வச்சா. அம்மா கடலுக்குள்ள போனதே இல்லன்னா. நான் மட்டும் போயிருக்கனா? அதெல்லாம் அவ கேக்க மாட்டா. அவ அம்மா கட்சி.

நம்ம வீட்டம்மா பேரு தையல்நாயகி. என் பேரு வைத்தியநாதன். வைத்தீஸ்வரன்கோயில்ல சாமி அம்பாள் பேரு அதானே! எங்க கல்யாணத்துக்கு ஜாதகம்கூடச் சரியாப் பாக்கல சார், பேரே பொருந்திருச்சு, இனிமே என்ன பொருத்தம்னு முடிச்சுட்டாங்க. அப்படிப்பட்ட ஜோடி.

சரி, கப்பலுக்கு வருவோம். ஏறினதுமே ஆளுக்கு ஒரு கார்டு கொடுப்பாங்க. உங்களுக்கும் கொடுப்பாங்க. ரூம் கதவு தெறக்கறதுக்கு அதான், ஏற எறங்க அதான், ஒரு ஜூஸ் குடிக்கணும்னாலும் அதான். நான் ரெண்டு கார்டையும் வாங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். இதுல ஒரு கெட்ட எண்ணமும் இல்ல சார். எங்க போனாலும் டிக்கெட்டு யார்கிட்ட இருக்கும்? எங்கிட்டதான். ரயில்வே பாஸ்ல போற காலத்துலயே அப்படித்தான். என் பேரு மேல இருக்கும், கீழ மனைவின்னு ஒரு வரி. அவ டிக்கெட்ட அவ கையில வச்சுக்கிட்டு எங்கயாச்சும் போட்டுட்டு முழிக்கவா? அந்தத் தொல்லை அவளுக்கு எதுக்குன்னுதான்.

மொத நாள் சாயங்காலம் மேல்தளத்துல ஏதோ பாதுகாப்பு விளக்கம் சொன்னாங்க. முடிஞ்சதும் நான் அங்க ஒரு அதிகாரியப் புடிச்சுக்கிட்டேன். எஞ்சின் எத்தன குதிரை சக்தி, மொத்தம் எத்தன படுக்கை, ஒரே படுக்கைய ரெண்டு பேருக்குக் கொடுத்துட்டா என்ன பண்ணுவீங்க, இப்படிப் பேசிட்டே இருந்துட்டேன். இவ போர்வை எடுக்கணும்னு கீழ ரூமுக்குப் போயிருக்கா. கார்டு இல்ல. கதவுகிட்டயே நின்னுட்டா. ஒரு மணி பத்து நிமிஷம். வர்றவன் போறவன் எல்லாம் பாத்துட்டுப் போயிருக்கான். நான் போய், ஏன் இப்படி நிக்கற, மேல வந்து எங்கிட்டக் கேக்க வேண்டியதுதானேன்னேன். "எங்கன்னு தேடறது?"ன்னா. அவ்ளோதான். வாயத் தெறந்து, எங்கிட்ட ஒண்ணு கொடுத்துடுங்கன்னு சொல்லியிருந்தா நான் கொடுத்திருக்க மாட்டனா? கொடுத்திருப்பேன். கொஞ்சம் யோசிச்சுட்டுக் கொடுத்திருப்பேன்.

மறுநாள் காலைல நான் எந்திரிச்சுப் பாத்தா அவ இல்ல. பாத்ரூம்லயும் இல்ல. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. கடல் பாருங்க! சட்டைய எடுத்துப் பாக்கறேன், பையில ரெண்டு கார்டும் பத்திரமா இருக்கு. அப்படியே தலையில கைய வச்சு உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல கதவு கிளிக்குனு தெறக்குது. வெளியில இருந்து! இவ நிக்கிறா. தலையெல்லாம் காத்துல கலைஞ்சு கிடக்கு, கையில ஒரு கார்டு. கீழ ஆபீஸ்ல போய்த் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி வேற வாங்கிட்டாளாம். தொலையவே இல்ல சார்! எம் பையில இருந்துச்சு! நாப்பது வருஷத்துல அவ ஒரு பொய் சொல்லி நான் பாத்ததில்ல.

சூரியன் உதிக்கிறதப் பாக்கப் போனேன்னா. என்ன எழுப்பியிருக்கலாமேன்னேன். "நீங்க தூங்கிட்டிருந்தீங்க"ன்னா. நியாயமான பேச்சு மாதிரிதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் அவளப் புடிக்க முடியல. பொள்ளாச்சி டீச்சரம்மா ஒருத்தங்க, சூரத்துக்காரம்மா ஒருத்தங்க, மூணு பேரும் ஒரு செட்டு. நான் பகல்ல கொஞ்சம் படுப்பேன், எனக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கல. சாப்பாட்டுக்கு மட்டும் வந்து உக்காருவா. அவளுக்கு என்ன வேணும்னு பரிமாறுற பையன் கேட்டா வழக்கம்போல நான்தான் சொல்லுவேன். அவளுக்கு வெண்டைக்கா புடிக்கும், தயிர் புடிக்காது. மூணாவது நாள் அந்தப் பையன் என்னப் பாக்காம அவளப் பாத்துக் கேட்டான். அவ தயிர் வேணும்னா. என்ன சார் இது?

இன்னொன்னு சொல்றேன். அன்னிக்கு மத்தியானம் மேல்தளத்துல சாய்வு நாற்காலில படுத்திருந்தேன். பின்னால எங்கயோ ஒரு பொம்பள சிரிக்கிற சத்தம். அப்படி ஒரு சிரிப்பு. வயித்துலருந்து வருமே, அந்த மாதிரி. யாருடா இது இவ்வளவு சந்தோஷமான்னு திரும்பிப் பாத்தேன். இவ. எனக்கு அந்தச் சிரிப்பு அடையாளமே தெரியல சார். சரி, கடல் காத்து நல்லா ஒத்துக்குது அவளுக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.

விருத்தாசலம் வந்துருச்சா? ஒரு நிமிஷம் இருங்க. அவளுக்கு இந்நேரத்துக்கு டீ வேணும். பெட்டியப் பாத்துக்கங்க, வந்துடறேன்.

வந்துட்டேன். அப்பாடா. இந்த வயசுல அஞ்சு பெட்டி தாண்டி ஓட முடியல. இந்தாங்க, இந்த டீய நீங்க குடிங்க. இல்ல, அவ வாங்கிக் குடிச்சுட்டா ஏற்கெனவே. பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு, அதோட பேசிட்டிருக்கா. நான் ஜன்னல் வழியா நீட்டினேன், கைய ஆட்டி வேணாம்னுட்டா. கோவமா எல்லாம் இல்ல. சும்மா வேணாம்னுட்டா. சூடாத்தான் இருக்கு, குடிங்க சார்.

எங்க விட்டேன்? ஆங், பதிவு. நாலாவது நாள் காலைல ஒரு அரங்கத்துல கூட்டி வச்சுச் சொன்னாங்க. இப்பவே அடுத்த தடவைக்குப் போட்டா முன்பணம் கம்மி. ரூமு நீங்க கேக்கற இடத்துலயே கிடைக்கும், நடுவுல இருக்கற ரூமாப் புடிங்க, ஆட்டம் கம்மி. தேதி மாத்தணும்னா மாத்திக்கலாம். கப்பல்ல செலவு பண்ணக் கொஞ்சம் தொகையும் கணக்குல போட்டுத் தருவாங்க. எல்லாம் நிஜந்தான். ஏமாத்து இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன், கப்பல்ல இருக்கும்போது மனுஷன் அவன் சுபாவத்துல இருக்கறதில்ல. வேலை இல்ல, கரன்ட் பில் இல்ல, நாலு பக்கமும் தண்ணி. அந்த நேரத்துல எந்தத் தாள நீட்டினாலும் கையெழுத்துப் போடுவான். அவனுக்கும் அது தெரியும், அதனாலதான் அங்கயே மேஜை போட்டு உக்காந்திருக்கான்.

எனக்கு அதெல்லாம்கூட இல்ல சார். ஒரு வருஷத்துக்கு முன்னாடியே படுக்கை உறுதிங்கறான் பாருங்க, அதுலதான் விழுந்துட்டேன். எங்க தொழில்ல அப்படி ஒண்ணு உண்டா? காலைல நாலு மணிக்கே வந்து வரிசைல நிப்பாங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போக முடியலன்னு என் முன்னாடி அழுதவங்க எத்தன பேரு! வெயிட்டிங் லிஸ்டுன்னு சொல்லிச் சொல்லியே என் வாய் தேஞ்சு போச்சு. இங்க ஒருத்தன் அடுத்த பிப்ரவரிக்கு இப்பவே உறுதிங்கறான். விட முடியுமா? இவளுக்கும் கப்பல் புடிச்சிருக்கு. சொல்லாமப் போட்டு வச்சுட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லுவோம்னு அந்த மேஜைக்குப் போனேன்.

மணிப்பூர்ப் பொண்ணு ஒண்ணு. ரூம் நம்பரைத் தட்டிப் பாத்துட்டு, "சார், இந்த ரூமுக்கு ஏற்கெனவே அடுத்த பிப்ரவரிக்குப் பதிவு இருக்கே, மேடம் ரெண்டாவது நாளே பண்ணிட்டாங்களே"ங்கறா இங்கிலீஷ்ல.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார். சும்மா சொல்லல. வாழ்நாள் பூரா ஊருக்கெல்லாம் டிக்கெட்டு போட்டவன், எனக்குன்னு ஒருத்தர் போட்டு வச்சிருக்காங்கன்னா எப்படி இருக்கும்? அதுவும் எனக்குத் தெரியாம! ஆச்சரியப்படுத்தணும்னு! அவ தம்பி சொத்துப் பிரிச்சப்போ அவ பேருக்குக் கொஞ்சம் போட்டிருந்தான், அதுலருந்து கட்டிருக்கா. அந்தப் பொண்ணு, "சார், அந்தப் பதிவுல..."ன்னு ஏதோ சொல்ல வந்தா. நான் வாயில வெரல வச்சு உஷ்ஷுன்னேன். எனக்குத் தெரிஞ்சதா அவங்ககிட்டச் சொல்லிடாதம்மான்னேன். அவ மறுபடி, "இல்ல சார்..."ன்னா. எல்லாம் தெரியும் தெரியும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்ப யோசிச்சா அந்தப் பொண்ணப் பேச விட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தோம். அவ சொல்லுவா சொல்லுவான்னு இருக்கேன். சொல்லல. சரி, கடைசி நேரத்துல சொல்லப் போறா போலன்னு நானும் விட்டுட்டேன். ஆனா எனக்கு வாய் நிக்குமா? காலைல நடைக்கு வர்றவங்ககிட்ட, பால் பூத்துல, முடி வெட்டுற ரத்தினத்துகிட்ட, எல்லார்கிட்டயும் பிப்ரவரில நாங்க மறுபடி கப்பல்ல போறோம்னு சொல்லியாச்சு. முழங்கால் வரைக்கும் டவுசர் ரெண்டு வாங்கினேன், போன தடவ நான் ஒருத்தன்தான் பேன்ட்ல இருந்தேன். எதிர்வீட்டு அமிர்தவல்லி அம்மா ஒருநாள் இவகிட்டயே கேட்டுட்டாங்க, "பிப்ரவரில ரெண்டு பேரும் கப்பலாமே?"ன்னு. இவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு, "அப்படியா, அவர்தான் சொன்னாரா?"ன்னா. அவ்ளோதான். எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. என்னமா நடிக்கிறா பாருன்னு.

அந்த வருஷம் அவ நீச்சல் கத்துக்கிட்டா சார். அறுபத்தி ரெண்டு வயசுல! பொம்பளைங்களுக்குன்னு காலைல ஒரு நேரம் விடறாங்களாம், அங்க போய். போன்ல பணம் அனுப்பக் கத்துக்கிட்டா. ரயில் டிக்கெட்டு போன்லயே போடக் கத்துக்கிட்டா. அதுதான் எனக்குக் கொஞ்சம் சுருக்குனு இருந்துச்சு. வீட்டுல நான் ஒருத்தன் இருக்கேன், எதுக்கு போன்ல போடணும்? மதிவதனியப் பாக்க ஓசூருக்குத் தனியா போனா, வந்தா. ஏன் தனியான்னேன். "பழகிக்கறேன்"னா. எதுக்குப் பழகணும்னு நான் கேக்கல. நல்ல விஷயந்தானே, நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தனியா இருக்கத் தெரியணும்ல? அப்படித்தான் நெனச்சேன். என்ன நெனப்பு பாருங்க.

ஜனவரி மாசம் கவர் வந்துச்சு. அவ நீச்சலுக்குப் போயிருந்தா. அவ பேருக்கு வந்த கவர்தான், நான் பிரிச்சேன். நம்ம வீட்டுக்கு வர்ற கவர நான் பிரிக்காம யார் பிரிப்பா? உள்ள கப்பல் டிக்கெட்டு. தையல்நாயகி, வயசு அறுபத்தி ரெண்டு. அடுத்த வரியப் பாக்கறேன், இல்ல. தாளத் திருப்பிப் பாக்கறேன், இல்ல. மொத்தப் பயணிகள் ஒண்ணு.

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு சார். பதிவு பண்ணவன் தப்பு பண்ணிட்டான்! இது எங்க கவுண்டர்ல தினம் நடக்கும். ஒரு ஃபாரத்துல ஆறு பேரு எழுதலாம். வீட்டுக்காரர் தன் பேர எழுதுவாரு, புள்ளைங்க பேர எழுதுவாரு, சம்சாரம் பேர விட்டுடுவாரு. நான்தான் கேப்பேன், "அம்மா வரலையா?"ன்னு. "அட ஆமா!"ன்னு தலையில தட்டிக்கிட்டு எழுதுவாங்க. எத்தன பேருக்கு நான் சம்சாரத்தச் சேர்த்துக் கொடுத்திருக்கேன்! இங்க ஒரு மாறுதலுக்கு வீட்டுக்காரன் பேரு விட்டுப் போச்சுன்னு நெனச்சேன்.

கப்பல் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பையன் எடுத்தான். தம்பி, ஒரு பேரு விட்டுப் போச்சு, வைத்தியநாதன்னு போட்டுக்கப்பா, வயசு அறுபத்தி ஏழுன்னேன். "சார், விட்டுப் போகல, ஒருத்தருக்குன்னுதான் பதிவு ஆகியிருக்கு"ங்கறான். நான் இந்தத் தொழில்ல முப்பத்தி நாலு வருஷம் இருந்தவன், எனக்கே சொல்லித் தர்றியான்னு சத்தம் போட்டேன். அவன் பொறுமையாச் சொன்னான். ரூமுல ரெண்டு படுக்கை, ரெண்டுக்கும் பணம் கட்டியிருக்கு, நீங்க தாராளமா போகலாம். ஆனா பதிவு மேடம் பேர்ல இருக்கு, மேடம் ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போடணும், கப்பல் ஏறுற அன்னிக்கு மூணு மணி வரைக்கும் துறைமுகத்துல கொடுத்தாலும் ஏத்துப்போம்னான்.

அவ்ளோதானேன்னு ஃபாரத்த எடுத்து, என் விவரமெல்லாம் நானே எழுதி, கையெழுத்துப் போடற எடத்துல ஒரு பெருக்கல் குறி போட்டு வச்சேன். அவ வந்தா. ஈரத் தலை. சாப்பாட்டு மேஜைல வச்சு, பேனாவும் வச்சு, இதப் பாத்தியா கூத்த, உன் டிக்கெட்டுல என் பேர விட்டுட்டான், இங்க ஒரு கையெழுத்துப் போடுன்னேன்.

அவ ஃபாரத்த முழுசாப் படிச்சா. படிச்சுட்டு, "தப்பு இல்லங்க. நான்தான் ஒருத்தருக்குன்னு சொன்னேன்"னா.

அதெப்படி, ரெண்டு படுக்கைக்கும் பணம் கட்டியிருக்குதேன்னேன். "தனியாப் போறவங்க ரெண்டுக்கும் கட்டணுமாம். கட்டிட்டேன்"னா. அட பைத்தியமே, இன்னொரு படுக்கைய சும்மா வச்சுக்கிட்டு அதுக்கு எதுக்குடி பணம்னேன்.

"அது சும்மா இருக்கறதுக்குத்தான் பணம்"னா.

குரல ஒசத்தல சார். இட்லிக்கு என்ன தொட்டுக்கன்னு கேக்கற மாதிரி அப்படிச் சொல்லிட்டு, தலை துவட்டப் போயிட்டா.

கோவம் வந்துச்சு, ரெண்டு நாள் பேசல. நான் பேசலங்கறது அவளுக்குத் தெரிஞ்ச மாதிரியே இல்ல. அப்புறம் நானே போய், எம்மேல ஏதாச்சும் கோவமான்னு கேட்டேன். இல்லன்னா. நான் உன்ன அடிச்சிருக்கனா, குடிச்சிருக்கனா, ஒரு நாளாச்சும் சம்பளத்த வீட்டுக்குக் கொண்டு வராம இருந்திருக்கனான்னேன். "ஒருநாளும் இல்லங்க"ன்னா. அப்ப என்னதான் கொறைன்னேன். அவ யோசிச்சா சார். நெஜமாவே யோசிச்சா, நமக்கு ஒரு பதில் சொல்லிடணும்னு. "கொறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. அஞ்சு நாள்தான. போயிட்டு வந்துடறேன்"னா.

கோவமா இருந்தா சமாதானம் பண்ணிடலாம். கோவமே இல்லன்னா என்ன சார் பண்றது? பயமா இருக்கு. வெளிய சொன்னா சிரிப்பாங்க, உங்ககிட்டச் சொல்றேன், எனக்குப் பயமா இருக்கு. அஞ்சு நாள் அந்த வீட்டுல நான் மட்டும். ஊர் பூரா சொல்லி வச்சிருக்கேன் வேற. அதவிட, போன தடவ மாதிரி அங்க அவ சிரிச்சுப் பழகிட்டு, திரும்பி வந்து... சரி, விடுங்க.

ஆமா சார், சேர்ந்து சீட்டு கிடைக்கலன்னு சொன்னது பொய்தான். அவ எப்பவோ போட்டுட்டா அவளுக்கு. நான் நேத்து தத்கால்ல போட்டேன். காலைல அவ ஆட்டோல ஏறிப் போனப்புறம் நான் வேற ஆட்டோ புடிச்சு வந்தேன். பிளாட்பாரத்துல என்னப் பாத்தா. பெட்டியையும் பாத்தா. திட்டுவான்னு நின்னேன். "காலை மாத்திரை போட்டீங்களா?"ன்னா. போட்டேன்னேன். சரின்னு ஏழாவது பெட்டியப் பாத்து நடந்து போயிட்டா.

ஃபாரம் இதோ இருக்கு சட்டைப் பையில. மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நேர்ல அந்தக் கப்பலப் பாத்ததும் மனசு மாறும் சார். வாசல் வரைக்கும் வந்த மனுஷன, பெட்டியோட நிக்கிறவன, போய்யான்னு சொல்லுவாளா? அப்படிப்பட்டவ இல்ல. இளகின மனசு அவளுக்கு. தெருவுல போற நாய்க்குக்கூட... நாப்பது வருஷம் சார். ஒரு கையெழுத்து. நான் அவளத் தொந்தரவு பண்ண மாட்டேன். பகல்ல படுத்துக்கறேன். கார்டு அவகிட்டயே இருக்கட்டும், ரெண்டும் அவகிட்டயே இருக்கட்டும். அவ சாப்பிடறத அவளே சொல்லட்டும். நான் இதெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன், இறங்கினதும் சொல்லணும்னு.

தாம்பரம் வந்துட்டோம் போல. இருங்க, போன் அடிக்குது. இல்ல, மெசேஜ். அவதான் அனுப்பியிருக்கா. பாத்தீங்களா! நான் சொன்னேன்ல, மனசு மாறும்னு! வண்டிய விட்டு எறங்கறதுக்குள்ளயே! என் கண்ணாடி நீலப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு சார், எழுத்து பொடிசா இருக்கு, நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். கப்பல்காரன் அனுப்பின தாளா?

ரயில் டிக்கெட்டா?

எங்கருந்து எங்க? எழும்பூர் டு திருச்சியா. யார் பேருக்கு? வைத்தியநாதன், அறுபத்தி ஏழு. ஆமா, நான்தான். என்னிக்கு? இன்னிக்கா. மதியம் மூணே முக்கா. வேற ஏதாச்சும் எழுதியிருக்காளா கீழ? "பத்திரமாப் போங்க. மாவு பிரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுல இருக்கு."

ஓகோ.

உறுதியான சீட்டா சார்? ஜன்னலா? ஜன்னல்தான். நான் ஜன்னல்தான் கேப்பேன்னு அவளுக்குத் தெரியும்.

இன்னொண்ணு பாருங்க. டிக்கெட்டுல என்னிக்குப் போட்டதுன்னு ஒரு தேதி இருக்கும். மேல, வலது பக்கம், பொடி எழுத்துல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. டிசம்பர் இருபது. எத்தன மணிக்கு? எட்டு அஞ்சு. காலைல எட்டு மணிக்குத்தான் சார் எங்க கவுண்டர் தெறக்கும். இன்னிக்குத் தேதிக்கு அறுபது நாள் முன்னாடி. முன்பதிவு தெறந்த அஞ்சாவது நிமிஷம் போட்டிருக்கா.

டிசம்பர்ல அந்தக் கவரே வரலயே சார். நான் ஊர் பூரா ரெண்டு பேரும் போறோம்னு சொல்லிட்டுத் திரிஞ்சுட்டிருந்தேன். பெட்டிகூட எடுத்து வைக்கல. இன்னிக்கு இந்த வண்டியில இப்படி வந்து உக்காருவேன்னு எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு.

கொடுங்க போன.

ஒண்ணும் இல்ல சார். கண்ணுல தூசி. ஜன்னலச் சாத்திட்டா நல்லது.

எழும்பூர் வந்துருச்சு, உங்க வீட்டம்மாவ எழுப்புங்க. பாத்து, அந்தப் பக்கம் படி உயரமா இருக்கும். ஏழாவது பெட்டி இந்நேரம் பிளாட்பாரத்துக்குள்ள போயிருக்கும், அவ எறங்கியிருப்பா. கூட்டம் இருந்தாலும் எறங்கிடுவா, அவளுக்குப் பழகிருச்சு.

இல்ல சார், நீங்க முன்னாடி போங்க. என் பெட்டிய நான் மெதுவா எறக்கிக்கறேன். மூணே முக்கா வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்ல.